நியூசிலாந்து ஏரி, ஃபியார்டு பக்கம் 15 நாள்: எனக்கு உயரம் பயம், தோழிக்குத் தண்ணீர் பயம், எதையெல்லாம் செய்யலாம்?

கோபி_வாய்க்கால்மேடு

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நானும் என் தோழியும் வரும் பிப்ரவரிக் கடைசியில் நியூசிலாந்து போகிறோம். தெற்குத் தீவு மட்டும்தான், அதிலும் ஏரிகளும் ஃபியார்டுகளும் (மலைக்கு நடுவே கடல் புகுந்த பள்ளத்தாக்குகள்) இருக்கும் அந்தத் தென்மேற்கு மூலை. கையில் 15 நாள், முதுகில் ஆளுக்கொரு பை, இரண்டு வருஷமாகச் சம்பளத்தில் எடுத்து வைத்த பணம். நான் கோபி, அவள் திருப்பூர், ஒரே பனியன் கம்பெனி ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து மேசை. இதுவரை ஒட்டுக்காப் போனதெல்லாம் வால்பாறை, டாப்சிலிப், கொல்லிமலை, அவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால் எனக்கு உயரம் ஆகாது. கொல்லிமலையில் ஆகாய கங்கைக்கு இறங்கும் படிகளிலேயே கைப்பிடியை விடாமல் இறங்கியவள் நான். ஆனால் தண்ணீர் என்றால் துளியும் பயம் கிடையாது, அப்புச்சி தோட்டத்துக் கிணற்றில் பாம்பேறியிலிருந்து குதித்துப் பழகி, அப்புறம் தடப்பள்ளி வாய்க்காலில் நீந்தி வளர்ந்தேன். அவள் நேர் எதிர். எந்த உயரமானாலும் விளிம்பில் போய் நின்று எட்டிப் பார்ப்பாள், நீச்சல் மட்டும் தெரியாது, இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாலே என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

இப்போதைக்குப் போட்டு வைத்திருக்கும் திட்டம் இது: கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கி டெகாப்போ ஏரி ஒரு நாள், வானகாவில் ராய்ஸ் பீக் ஏறுவது ஒரு நாள், ஸ்கை டைவிங் ஒரு நாள், குவீன்ஸ்டவுனில் பஞ்சி (காலில் ரப்பர் கயிறு கட்டி உயரத்திலிருந்து குதிப்பது), ஜெட் போட், ராஃப்டிங் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நாள், அப்புறம் மில்ஃபோர்ட் டிராக் நான்கு நாள் நடை, அது முடிந்ததும் மில்ஃபோர்ட் சவுண்டில் கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகு, மிச்சம் பயணத்துக்கு. ஒரு நாள் கூட சும்மா இல்லை. "இவ்வளவு தூரம் போய் ஒன்றையும் விடக்கூடாது, எல்லாவற்றையும் இரண்டு பேரும் ஒட்டுக்காச் செய்யணும்" என்று அவள் சொல்கிறாள். எனக்கு அந்தப் பஞ்சியை நினைத்தால் இப்போதே வயிற்றைக் கலக்குகிறது, ஆனால் அவளை ஏமாற்றவும் மனசில்லை. போய் வந்தவர்கள், அங்கேயே இருப்பவர்கள் சொல்லுங்க, எதை வைக்கலாம், எதை விடலாம்?


சத்தி_தெற்குத்தீவு

தங்கச்சி, நான் சத்தியமங்கலம், இங்கே தெற்குக் கோடியில் ஒரு பால் பண்ணையில் வேலை செய்து ஆறு வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களை நான்கு தடவை மில்ஃபோர்ட் கூட்டிப் போயிருக்கிறேன், அதில் இரண்டு தடவை பாதியில் திரும்பியிருக்கிறோம், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன்.

முதலில் மில்ஃபோர்ட் டிராக்கை விட்டுவிடுங்க. அது 53.5 கிலோமீட்டர், நான்கு நாள், மூன்று இரவு. நடுவில் கூடாரம் போட அனுமதி இல்லை, குடிசைகளில் படுக்கை பதிவு செய்தவர்கள்தான் போக முடியும். அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரைக்குமான பதிவைப் பல மாதம் முன்னாடியே திறக்கிறார்கள், திறந்த கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. கடைசி நேரத்தில் யாராவது ரத்து செய்து இடம் கிடைத்தால் உண்டு, அதை நம்பி 15 நாளில் நான்கை ஒதுக்காதீங்க. அந்தப் பக்கத்து மலையையும் காட்டையும் பார்க்க வேறு வழி இருக்கிறது. டே அனா என்ற ஊரிலிருந்து மில்ஃபோர்ட் போகும் சாலையில் தி டிவைட் என்ற இடத்தில் இறங்கினால் கீ சம்மிட் என்று ஒரு நடை, போக வர மூன்று மணி நேரம். மேலே போய் நின்றால் மூன்று பக்கமும் பள்ளத்தாக்கு இறங்குவது தெரியும். பாதை அகலம், உங்களுக்கு உயரப் பயம் பெரிதாக வராது.

அடுத்து மழை. இதைத்தான் ஊரில் உட்கார்ந்து திட்டம் போடுகிற யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நம் கோயமுத்தூரில் ஒரு வருஷத்துக்கு 700 மில்லிமீட்டர் பெய்தால் நல்ல மழை என்கிறோம். மில்ஃபோர்ட் சவுண்டில் வருஷத்துக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல். டாஸ்மன் கடலிலிருந்து வரும் மேற்குக் காற்று நேராக அந்த மலைகளில் முட்டி அங்கேயே கொட்டிவிடுகிறது, மலைக்கு மறுபக்கம், சாலை வழியாக 120 கிலோமீட்டரில் இருக்கும் டே அனா ஊரில் அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட இராது. தென்மேற்குப் பருவத்தில் சின்னக்கல்லாறு நனைந்து கிடக்கும்போது பொள்ளாச்சிக்குக் கீழே வெயில் அடிக்குமே, அதே கதைதான்.

மழை பெய்தால் கெட்டது என்று நினைக்காதீங்க. அங்கே நிரந்தரமான பெரிய அருவி இரண்டுதான், லேடி போவனும் ஸ்டர்லிங்கும். மழை பிடித்தால் பாறைச் சுவர் முழுக்க எண்ண முடியாத அளவுக்கு வெள்ளை வெள்ளையாக அருவி இறங்கும், விட்ட கொஞ்ச நேரத்தில் காணாமல் போய்விடும். ஆனால் மழை அளவு மீறினால் சாலையை மூடிவிடுவார்கள். 2020 பிப்ரவரி தொடக்கத்தில் வந்த வெள்ளம் அந்தச் சாலையைப் பல இடத்தில் அறுத்துப் போட்டது, மாட்டிக்கொண்ட பயணிகளை ஹெலிகாப்டரில் ஏற்றி வெளியே கொண்டு வந்தார்கள். நீங்களும் வருவது பிப்ரவரி என்பதால்தான் சொல்கிறேன். என்னுடைய இரண்டு பாதிவழித் திரும்பலுக்கும் மழைதான் காரணம். ஒரு தடவை படகுக்குக் கட்டின பணமும் போனது, ஏனென்றால் தேதி மாற்றுகிற சீட்டாக வாங்காமல் விலை குறைவானதை வாங்கியிருந்தேன்.

அதனால் டே அனாவில் குறைந்தது நான்கு இரவு தங்குங்க. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு வானிலையைப் பார்த்து, எந்த நாள் மில்ஃபோர்ட் என்று அப்போது முடிவு செய்யுங்க. மற்ற நாளுக்கு டே அனாவிலேயே வேலை இருக்கிறது. அங்கே இருக்கும் டே அனா ஏரி தெற்குத் தீவிலேயே பெரியது, 344 சதுர கிலோமீட்டர், கரையோரமாக நடந்தாலே பொழுது போவது தெரியாது. வெடியால கிளம்பிவிடுங்க. வண்டியில் டே அனாவிலேயே எண்ணெய் நிரப்பிக்கொள்ளணும், வழி நெடுகப் பெரும்பாலும் போன் சிக்னல் கிடையாது.

கயாக்கைப் பற்றி ஒன்று. சவுண்ட் என்று பெயர் வைத்துவிட்டார்கள், உண்மையில் அது ஃபியார்டு. ஆறு வெட்டிய பள்ளத்தாக்கில் கடல் புகுந்தால் சவுண்ட், பனியாறு குடைந்ததில் கடல் புகுந்தால் ஃபியார்டு, இது பனியாறு குடைந்தது, அதனால்தான் கரை என்று ஒன்றே இல்லாமல் பாறை செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. அங்கே மைட்டர் பீக் என்ற மலை கிட்டத்தட்ட 1,690 மீட்டர், தண்ணீர் மட்டத்திலிருந்து நேராக எழுந்து நிற்கும். கயாக்கில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கும்போதுதான் அது புரியும், பெரிய படகின் மாடியிலிருந்து பார்த்தால் புரியாது. இன்னொன்றையும் கவனித்துப் பாருங்க, மேலே இருக்கும் தண்ணீர் வரக்காப்பி நிறத்தில் இருக்கும். காட்டு இலை தழையிலிருந்து சாயம் இறங்கிய மழைத்தண்ணீர் கடல் நீருக்கு மேலே தனி அடுக்காக மிதக்கிறது. அது வெளிச்சத்தைத் தடுப்பதால், வேறு இடத்தில் ஆழ்கடலில் இருக்கும் கருப்புப் பவளம் இங்கே பத்துப் பதினைந்து மீட்டரிலேயே வளர்கிறது.

உங்கள் தோழிக்கு நீச்சல் தெரியாவிட்டாலும் வழிகாட்டியோடு போகும் இரட்டை கயாக்கில் லைஃப் ஜாக்கெட் போட்டுப் போகலாம். ஆனால் பதிவு செய்யும்போதே தெரியாது என்று சொல்லிவிடுங்க, மறைக்காதீங்க.


லக்ஸ்மோர்_ஈரோடு

சத்தி அண்ணா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஒத்துக்கொள்கிறேன். நானும் என் கல்லூரித் தோழியும் போன வருஷம் மார்ச்சில் கெப்ளர் டிராக் நடந்தோம். 60 கிலோமீட்டர் வட்டம், டே அனா ஊர்க் கோடியில் தொடங்கி அங்கேயே வந்து முடியும். அதன் முதல் குடிசை லக்ஸ்மோர், 1,085 மீட்டர் உயரத்தில், மரங்களெல்லாம் முடிந்து வெறும் புல் தொடங்கும் இடம்.

அந்தக் குடிசையில் பொழுதோட காவலர் வந்து எல்லாரையும் உட்கார வைத்து மறுநாள் வானிலையைப் படித்தார். காற்று அதிகம், காலை பத்து மணிக்கு மேல் கிளம்புங்கள் என்றார். எங்களுக்கு அடுத்த குடிசைக்குப் போய்ச் சேர வேண்டுமே என்று அவசரம், எட்டரைக்கே கிளம்பிவிட்டோம். நான் செய்த பெரிய தப்பு அது. மலை முதுகின் மேல் பாதை போகிறது, இரண்டு பக்கமும் சரிவு, ஒதுங்க ஒரு மரம் கிடையாது. காற்று வந்தது என்று சொன்னால் உங்களுக்குப் புரியாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்குப் பழகிய ஆள்தான் நான், இது வேறு. பையின் இடுப்பு வார் அவிழ்ந்திருந்த நுனி என் கன்னத்தில் சாட்டை மாதிரி அடித்துக்கொண்டே இருந்தது, அதைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் உடம்பு சாய்ந்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஒருத்தி கையை ஒருத்தி கோர்த்துக்கொண்டு, காற்று மூச்சு வாங்கும் நேரத்தில் எழுந்து இருபது அடி, மறுபடி உட்கார்வது, இப்படியே ஃபாரஸ்ட் பர்ன் என்ற அவசர ஒதுங்கிடம் வரைக்கும் போனோம். உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் அந்த அமைதியில் என் தோழி அழுதுவிட்டாள். பிறகு பதினொரு மணிக்கு மேல் காற்று அடங்கியது, அதே பாதையில் சாதாரணமாக நடந்து போனோம்.

எனவே கோபி, முழு கெப்ளர் வேண்டாம் என்றால் லக்ஸ்மோர் குடிசை வரைக்கும் மட்டும் ஒரு நாளில் போய் வாருங்கள். டே அனாவிலிருந்து படகில் பிராட் பே போய் இறங்கினால் நடையில் ஒரு பகுதி மிச்சமாகும். அங்கிருந்து ஏற்றம், நல்ல நடை நடப்பவர்களுக்கு நான்கு மணி நேரம். பெரும்பாலும் பீச் மரக்காட்டுக்குள்ளேதான் போகும், மரம் முடிந்து வெளியே வரும் அந்த இடத்தில் ஏரி மொத்தமும் கீழே விரிந்து கிடக்கும். அதுவும் சரிவான மலைதான், விளிம்பு இல்லை, உயரப் பயம் உள்ளவர்கள் போகலாம்.

துணிமணி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். திருப்பூர்க்காரிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், உடம்போடு ஒட்டும் அடுக்கு பருத்தியில் வேண்டாம். நம் பனியன் நனைந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அந்தக் குளிரில் உடம்புச் சூட்டை எல்லாம் அது உறிஞ்சிவிடும். கம்பளியோ பாலியஸ்டரோ போடுங்கள், மேலே தண்ணீர் புகாத ஜாக்கெட். நியூசிலாந்தில் பாம்பே கிடையாது, காட்டில் ஆளைத் தாக்கும் மிருகம் ஒன்றும் கிடையாது, இரவில் கழிப்பறைக்குப் போகக் கூட நான் பயப்படவில்லை. அங்கே ஆளைக் கொல்வது குளிரும், சறுக்கி விழுவதும், மழையில் பெருகிய ஓடையைக் கடக்கப் பார்ப்பதும்தான். ஓடை கலங்கி வேகமாக ஓடினால் கரையில் உட்கார்ந்துவிடுங்கள். மழை நின்ற வேகத்தில் அதுவும் வடிந்துவிடும்.

சாப்பாடு. சைவமா அசைவமா என்று சொல்லவில்லை. எங்களுக்குக் கைகொடுத்தது அரிசிம்பருப்பு. அங்கே கடைகளில் அரிசியும் துவரம்பருப்பும் கிடைக்கிறது, வெங்காயம், பூண்டு, தக்காளி, சீரகம், ஒரே பாத்திரம். ஹாஸ்டல் அடுப்படியில் முதல் நாள் நான் பூண்டைத் தட்டிப் போட்டதும் பக்கத்து அடுப்பில் பாஸ்தா கிண்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள், கடைசியில் நான்கு பேரும் சேர்ந்து அந்தப் பாத்திரத்தைக் காலி செய்தோம். மலைக் குடிசையில் இந்தப் பருவத்தில் கேஸ் அடுப்பு இருக்கும், பாத்திரம் இருக்காது, தூக்கிக்கொண்டு போகணும். குப்பையையும் திருப்பித் தூக்கி வரணும்.


கோபி_வாய்க்கால்மேடு

அக்கா, அந்தக் காற்றைப் படிக்கும்போதே நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். மில்ஃபோர்ட் டிராக்கை எடுத்துவிட்டோம். சத்தி அண்ணா, டே அனாவில் ஐந்து இரவு என்று மாற்றியிருக்கிறோம்.

அப்புறம் எனக்குத்தான் நல்ல நீச்சல் தெரியுமே, குவீன்ஸ்டவுனில் அந்த வகாடிப்பு ஏரியில் நான் மட்டும் இறங்கி நீந்தலாமா? படத்தில் தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருக்கிறது.


சத்தி_தெற்குத்தீவு

கிணற்றுத் தண்ணீரையும் இந்த ஏரியையும் ஒன்றாக நினைக்காதீங்க தங்கச்சி. வகாடிப்பு வருஷம் முழுக்கப் பத்து டிகிரி பக்கம்தான் இருக்கும், ஓரத்தில் மட்டும் கோடையில் கொஞ்சம் கூடும். திடீரென்று உள்ளே விழுந்தால் முதல் ஒரு நிமிஷம் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது, தானாக இழுக்கும், அப்போது முகம் தண்ணீருக்குள் இருந்தால் அவ்வளவுதான். அதைத் தாண்டினாலும் ஒரு பத்து நிமிஷத்தில் கையும் காலும் சொன்னபடி கேட்காது. நல்ல நீச்சல்காரர்களும் மூழ்குவது இதனால்தான். நீந்தத்தான் வேணும் என்றால் ஓரத்தில், கால் தட்டும் ஆழத்தில், மெதுவாக இறங்கி, கரையில் ஆள் நிற்கும்போது மட்டும். படகிலோ கயாக்கிலோ போகும்போது உங்களுக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம், நீச்சல் தெரியும் என்று கழற்றி வைக்காதீங்க.


பீளமேடு_பம்ப்செட்

அம்மணி, எனக்கு வயசு 67. பீளமேட்டில் முப்பது வருஷம் பம்ப் பட்டறை வைத்திருந்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் ஆக்லாந்தில் இருக்கிறார்கள், மூன்று வருஷம் முன்னாடி அவர்களோடு நீங்கள் சொல்லும் இதே பக்கம் பத்து நாள் சுற்றினேன். குதிப்பது, தாவுவது எல்லாம் என் வயசுக்கு இல்லை. ஆனால் அந்த ஜெட் போட்டைப் பற்றி நான் சொல்லியே ஆகணும், ஏனென்றால் அது நம் ஊர்க்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டிய சாமான்.

அதற்கு வெளியே சுற்றும் புரொப்பெல்லர் கிடையாது. உள்ளே ஒரு பம்ப்தான். அடிவயிற்றில் ஓட்டை வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, இம்பெல்லர் சுற்றி, பின்னால் நாசில் வழியாகப் பீய்ச்சுகிறது, அந்த உதைப்பில் படகு முன்னால் பாய்கிறது. நாசிலைத் திருப்பினால் படகு திரும்புகிறது. பில் ஹாமில்டன் என்ற அந்த ஊர்ப் பண்ணைக்காரர்தான் 1950-களில் இதைச் செய்து ஓட்டிக் காட்டினவர். கேன்டர்பரி மலைப்பக்கத்து ஆறுகள் கூழாங்கல் நிறைந்தவை, ஆழம் இல்லை, புரொப்பெல்லர் வைத்தால் கல்லில் அடித்து உடைந்துவிடும். நொய்யலில் மழைக்கு அடுத்த வாரம் ஓடுமே ஒரு சாண் தண்ணீர், அந்த ஆழத்தில் இந்தப் படகு போகிறது. குவீன்ஸ்டவுனில் ஷாட்டோவர் ஆற்றில் இரண்டு பக்கப் பாறைக்கும் நடுவே ஓட்டுகிறார்கள். நான் ஏறினேன், என் பெண் வேண்டாம் என்றாள், கேட்கவில்லை. ஓட்டுகிற பையன் கையைத் தூக்கிச் சுழற்றிக் காட்டுவான், அப்போது கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளணும், படகு நின்ற இடத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றும். முகத்தில் அடித்த தண்ணீர் ஐஸ். இறங்கின பிறகு அந்தப் பையனிடம் இம்பெல்லர் எத்தனை நாளில் தேயும் என்று கேட்டேன், மணலும் கல்லும் உறிஞ்சுவதால் அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்கணும் என்று சொல்லி, என்னைக் கூட்டிப் போய்ப் படகுக்கு அடியிலிருந்த சல்லடைக் கம்பியைக் காட்டினான். அந்தக் கம்பி கல் பட்டுப் பட்டு ஓரம் வெள்ளை வெளேரென்று மின்னியது. அதைக் கையால் தடவிப் பார்த்தேன்.

உயரமும் இல்லை, நீந்தவும் வேண்டாம், லைஃப் ஜாக்கெட் அவர்களே மாட்டிவிடுகிறார்கள். இது இரண்டு பேருக்கும் சரிப்படும். முதுகு வலி, கழுத்து வலி இருந்தால் மட்டும் வேண்டாம்.

அங்கேயே வகாடிப்பு ஏரியில் ஏர்ன்ஸ்லா என்று 1912-ல் ஓட ஆரம்பித்த நீராவிக் கப்பல் இருக்கிறது. நான் போனபோது ஆள் நின்று நிலக்கரியை அள்ளிப் போட்டுத்தான் ஓட்டினார்கள், மேலே நடைபாதையில் நின்று இஞ்சின் ஓடுவதைப் பார்க்கலாம். மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரயில் இஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றால் அடிக்குமே அந்தச் சூடும் எண்ணெய் வாசமும், அது அங்கே கிடைத்தது.

டே அனாவில் ஐந்து இரவு என்றால் ஒரு நாளை டவுட்ஃபுல் சவுண்ட் என்ற இன்னொரு ஃபியார்டுக்கு வைத்துக்கொள். மானபூரி ஏரியைப் படகில் கடந்து, அப்புறம் வில்மட் கணவாயில் பஸ்ஸில் ஏறி இறங்கி, மறுபடி படகு. கூட்டம் நெம்பக் குறைவு. மானபூரியில் பூமிக்கு அடியில் ஒரு மின் நிலையம் இருக்கிறது. ஏரித் தண்ணீரைப் பாறைக்குள் இறக்கி, டர்பைனைச் சுற்றவிட்டு, பத்து கிலோமீட்டர் சுரங்கம் வழியாக அந்த ஃபியார்டில் கொண்டு போய் விடுகிறார்கள். முதலில் போட்ட திட்டத்தில் ஏரி மட்டத்தை 30 மீட்டர் வரை உயர்த்துவதாக இருந்தது. கரைக் காடெல்லாம் மூழ்கிவிடும் என்று ஊரே எதிர்த்தது, 1970-ல் 2,64,907 பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள், அன்றைக்கு அந்த நாட்டு ஜனத்தொகையே முப்பது லட்சத்துக்குள்தான். கடைசியில் மட்டத்தை உயர்த்தாமலே மின் நிலையம் ஓடுகிறது. பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலில் தண்ணீர் எப்போது விடுவார்கள் என்று பார்த்து வளர்ந்தவன் நான். அந்தக் கரையில் நின்று, தண்ணீர் விளிம்பு வரைக்கும் வந்து நிற்கும் மரங்களைப் பார்த்தபோது ரொம்ப நேரம் நகர மனசு வரவில்லை.


கொறங்காடு_காங்கேயம்

சுருக்கமாக மூன்று விஷயம்.

ராய்ஸ் பீக் போக வர 16 கிலோமீட்டர், உச்சி 1,578 மீட்டர், நிழல் துளி கிடையாது. அங்கே வெயில் இதமாகத்தான் தெரியும், ஆனால் தோலை எரித்துவிடும், நம் கருத்த தோலும் உரியும். பாதை போவது ஒருவருடைய ஆட்டு மேய்ச்சல் நிலத்தில். வழியில் வரும் கதவு நம் கொறங்காட்டுப் படல் மாதிரித்தான், திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள், சாத்தியிருந்தால் நுழைந்ததும் சாத்துங்கள். குட்டி போடும் பருவத்தில், அக்டோபர் முதல் தேதியிலிருந்து நவம்பர் 10 வரைக்கும், பாதையையே மூடிவிடுகிறார்கள். நீங்கள் போகும் மாதம் திறந்திருக்கும்.

வண்டி ஓட்டுவதென்றால் நம்மைப் போலவே இடது பக்கம்தான். ஒரு வண்டி மட்டும் போகும் பாலம் நிறைய வரும். பலகையில் உங்கள் பக்கத்து அம்பு சிவப்பாகவும் சின்னதாகவும் இருந்தால் நீங்கள்தான் நின்று வழிவிட வேண்டும்.

விமான நிலையத்தில் சாப்பாட்டுச் சாமான் எது இருந்தாலும் அட்டையில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். எழுதாமல் மாட்டினால் அங்கேயே 400 டாலர் அபராதம். தேன், பச்சைக் கறிவேப்பிலை எல்லாம் எடுத்துப் போகவே வேண்டாம். நடக்கப் போட்ட ஷூவில் மண் ஒட்டியிருந்தால் அதையும் சொல்லணும். வால்பாறைக்குப் போட்ட அதே ஷூ என்றால் பல் விளக்கும் பிரஷ்ஷை வைத்து அடிப்பள்ளமெல்லாம் தேய்த்துக் கழுவிக் காய வைத்துவிடுங்கள்.


நாமக்கல்_2019

பஞ்சி பற்றி யாரும் சொல்லவில்லை, நான் குதித்தவன் என்பதால் சொல்கிறேன். கவராவ் பாலம், 43 மீட்டர், 1988-லிருந்து அங்கே நடத்துகிறார்கள், உலகத்தில் காசு வாங்கி பஞ்சி நிரந்தரமாக நடத்திய முதல் இடம். எடை பார்த்து அந்த எண்ணைக் கையில் பேனாவால் எழுதுவார்கள், அந்த எடைக்குத்தான் ரப்பர் கயிறு. கணுக்காலைச் சுற்றி ஒரு துண்டைச் சுற்றி அதன் மேல் பட்டையைக் கட்டுவார்கள், நம் ஊர் துவாலை மாதிரி ஒரு சாதாரணத் துண்டு, அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் பயம் தெளிந்தது, ஏனென்று தெரியாது. அப்புறம் குட்டி குட்டி அடி எடுத்து வைத்து விளிம்புக்குப் போகணும்.

கோபி, நீங்கள் குதிக்க வேண்டாம். நானும் என் நண்பனும் போனோம். அவனுக்கு இஷ்டமே இல்லை, நான்தான் வாடா வாடா என்று இழுத்தேன். மேலே போய் நின்று பதினைந்து நிமிஷம், கால் நடுங்கி, பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்க, கடைசியில் அழுதுகொண்டே கயிற்றை அவிழ்த்துவிட்டு இறங்கி வந்தான். பணம் திரும்பவில்லை, அது போகட்டும். அந்த நாள் முழுக்க அவன் என்னிடம் பேசவில்லை, அடுத்த இரண்டு நாளும் எதைப் பார்த்தாலும் முகத்தில் சிரிப்பே வரவில்லை. அதை நான் செய்திருக்கக் கூடாது. இன்றைக்கும் அவனிடம் அதைப் பற்றிப் பேசத் தயங்குகிறேன்.

அந்தப் பாலத்துக்குப் பக்கத்திலேயே பார்ப்பவர்களுக்கு மேடை இருக்கிறது, காசு கிடையாது. உங்கள் தோழி குதிக்கட்டும், நீங்கள் அங்கே நின்று படம் எடுங்கள். கீழே ஆற்றில் ரப்பர் படகில் ஆள் இருப்பார்கள், கம்பை நீட்டுவார்கள், பிடித்துக்கொண்டால் படகில் இறக்கிவிடுவார்கள். தண்ணீரைத் தொடாமல் வேணும் என்று முன்னாடியே கேட்டுக்கொள்ளலாம், தண்ணீர்ப் பயம் உள்ளவருக்கு அது முக்கியம்.

இன்னொரு விஷயம், இன்சூரன்ஸ் எடுக்கும்போது பஞ்சி, ராஃப்டிங், மலை நடை எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். அடிபட்டால் அந்த நாட்டு விபத்துத் திட்டம் வெளியூர்க்காரர்களுக்கும் அங்கே வைத்தியத்துக்கு உதவும், ஆனால் நோய்க்கும், ஊருக்குத் திரும்பும் செலவுக்கும் அது வராது.


திருப்பூர்_பக்கத்துமேசை

நான்தான் அந்தத் தோழி. நேற்று ராத்திரி இவள் இந்தப் பக்கத்தை அனுப்பினாள், முழுக்கப் படித்துவிட்டேன். நாமக்கல் அண்ணா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். இவளுக்கு உயரம் இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு உண்மையில் தெரியாதுங்க, கொல்லிமலையில் கூட "கால் வலிக்கிறது" என்றுதான் என்னிடம் சொன்னாள்.

இப்போது இப்படி மாற்றியிருக்கிறோம். பஞ்சி எனக்கு மட்டும். ஸ்கை டைவிங்கும் ராஃப்டிங்கும் இல்லை, அந்தப் பணத்தில் டவுட்ஃபுல் சவுண்ட். ஜெட் போட் இரண்டு பேரும், பம்ப்செட் ஐயா சொன்ன சல்லடைக் கம்பியையும் கேட்டுப் பார்க்கப் போகிறோம். லக்ஸ்மோர் ஒரு நாள், கீ சம்மிட் ஒரு நாள், வானிலை விட்டால் மில்ஃபோர்டில் இரட்டை கயாக். அதில் நான் முன்னால், இவள் பின்னால். டே அனாவில் இரண்டு நாளை ஒன்றும் எழுதாமல் வெறுமனே விட்டிருக்கிறோம்.

அப்புறம், போன திங்கட்கிழமையிலிருந்து நான் இங்கே பெண்களுக்கான நீச்சல் வகுப்புக்குக் காலையில் போகிறேன். கயாக் போகும் அளவுக்காவது தண்ணீருக்குப் பழகணும் என்று. இன்னும் மூக்குக்குள் தண்ணீர் போனால் பதறுகிறது. இதற்கு என்ன செய்வது?


பீளமேடு_பம்ப்செட்

வீட்டில் ஒரு அகலமான குண்டானில் தண்ணீர் வைத்துக்கொள் கண்ணு. வாயால் மூச்சை இழுத்து, மூஞ்சியை உள்ளே வைத்து, மூக்கு வழியாக மெதுவாக விடணும், கொப்புளம் கொப்புளமாக வரும். காற்று வெளியே வந்துகொண்டிருக்கும் வரைக்கும் தண்ணீர் உள்ளே ஏறாது. தினமும் இருபது தடவை. என் பேத்திக்கு அப்படித்தான் பழக்கினேன்.


லக்ஸ்மோர்_ஈரோடு

மில்ஃபோர்டுக்குப் போகும் நாளில் வெளிர் நிறத்தில் முழுக்கை சட்டை போடுங்கள், சொல்ல மறந்துவிட்டேன். அங்கே மணல் ஈ என்று ஒன்று இருக்கிறது, நம் கொசுவை விடச் சின்னது, கடித்தால் ஒரு வாரம் அரிக்கும், கருப்புத் துணிக்குத்தான் முதலில் வரும். நடந்துகொண்டே இருந்தால் விடும், நின்றால் மொய்க்கும். விரட்டுகிற மருந்தை டே அனாவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஹோமர் சுரங்கத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினால் கியா என்ற பச்சைக் கிளி வந்து கண்ணாடி ரப்பரைக் கடித்துப் பிடுங்கும், வால்பாறை ரோட்டுக் குரங்குகளுக்குப் போடக்கூடாது என்பது போல அதற்கும் ஒன்றும் போடாதீர்கள். இரண்டு பேரும் போய் வந்ததும் இங்கேயே எழுதுங்கள், எனக்கு அந்த ஏரிக்கரையை மறுபடி பார்க்கணும்.